ஜோயலுக்கு, கிட்டார் வாங்கப் போகுமுன்

அன்புள்ள ஜோயல்,

வியாழக்கிழமை ராத்திரி, முதலில் எந்தக் கிட்டார் வாங்கலாம் என்று நீ போனில் கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இருந்தது. அப்புறம் இரண்டு நாளாக அதே நினைப்புதான். 27 வயதில், யாரும் சொல்லாமல், நீயாகவே கிட்டார் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்கிறாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று போனில் சொல்ல வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அகூஸ்டிக், அதாவது மின்சாரம் இல்லாமல் மர உடம்பாலேயே முழங்குகிற கிட்டார் வாங்கு, அதில் விரல் காய்த்த பிறகு எலக்ட்ரிக்கைத் தொடலாம் என்று உன் ஆபீஸ் நண்பர்கள் சொல்கிறார்கள். நானும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆனால் உனக்கு நான் சொல்வது எலக்ட்ரிக். ஏன் என்று கேள்.

எனக்கு 15 வயதில் பெரியப்பா ஒரு பழைய கிட்டார் கொடுத்தார். அதில் கம்பி இல்லை. தூத்துக்குடியில் ஒரு கடையில் கொடுத்து ஸ்டீல் கம்பி மாட்டி வாங்கிவந்தோம். அது நைலான் கம்பிக்காகச் செய்த கிளாசிக்கல் கிட்டார். எங்களுக்கு அது தெரியாது, மாட்டிக் கொடுத்தவரும் சொல்லவில்லை. ஸ்டீல் கம்பியின் இழுப்பை அந்தக் கழுத்து எப்படித் தாங்கும்? இரண்டே மாதத்தில் முன்பக்கமாக வளைந்தது. கீழே கம்பியைப் பிடித்து நிற்கிற பிரிட்ஜும் ஒட்டு விட்டு லேசாக எழும்பிக்கொண்டது. நடுவில் கம்பிக்கும் கட்டைக்கும் இடையே ஒரு பென்சில் தாராளமாக நுழையும். உப்புக்காற்றில் கம்பி வேறு துருப்பிடிக்கும். வாசித்து முடித்துக் கையைப் பார்த்தால் விரல் நுனியில் கோடு கோடாகப் பள்ளம், பள்ளத்துக்குள் துருக்கறை. பல கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கிறதுக்குக் கார்டு என்று பெயர். அதில் எஃப் கார்டுக்கு ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து உயிரைக் கொடுத்து அழுத்துவேன். டப் டப் என்று கட்டைச் சத்தம்தான் வரும். எட்டு மாதம் அப்படி அழுத்திவிட்டு, என் கைக்கு இது வராது என்று கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, கோயிலில் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிக்கிற அண்ணன் ஒருவர் தன்னுடையதை என் மடியில் வைத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். அதே எஃப் கார்டு. நாலு கம்பி சுத்தமாகக் கேட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். என் விரலில் எந்தக் குறையும் இருந்ததில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

அதனால் வலியைத் தாங்குவதும் படிப்பில் ஒரு பாகம் என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. விரல் நுனி கொஞ்சம் எரியும், இரண்டு மூன்று வாரத்தில் காய்த்துவிடும், அவ்வளவு போதும். சாதாரணமாக அகூஸ்டிக்கில் போடுகிற 12 செட் (செட்டில் இருக்கிற மிக மெல்லிய கம்பியின் தடிமனை வைத்துச் சொல்கிற எண் அது) கம்பி ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டு நிற்கும். எலக்ட்ரிக்கில் போடுகிற 9 செட்டில் அந்த இழுப்பு ஏறக்குறைய பாதிதான். கம்பியும் மெல்லிசு, கழுத்தும் ஒடுங்கினது. ஷிஃப்ட் முடிந்து களைத்து வருகிற நீ, அரை மணி நேரம் வாசிக்க வேண்டும் என்று நினைத்தால் உன் கை உன்னைத் தடுக்கக் கூடாது.

இன்னொன்று, நீ தங்கியிருக்கிற அறை. ராத்திரி ஒரு மணிக்குத்தான் உனக்கு நேரம் கிடைக்கும், பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன் தூங்குகிறான். அகூஸ்டிக் வயிறு முழுக்கக் காற்றை வைத்துக்கொண்டு முழங்கும், அதைப் பெரிதாகக் குறைக்க வழி கிடையாது. எலக்ட்ரிக்குக்குள் இருப்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று செப்புக் கம்பியும். மேலே ஸ்டீல் கம்பி அதிர்ந்தால் கீழே மின்சாரம் பிறக்கும், ஆம்ப் அதைச் சத்தமாக்கும். ஆம்ப்பில் ஹெட்போனைச் செருகினால் உனக்கு மட்டும் கேட்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம், அன்றைக்கு நீ போனில் வாயாலேயே வாசித்துக் காட்டினாயே, அந்தச் சத்தம். இழுத்துக்கொண்டே போய் உறுமுகிற அந்தச் சத்தம் அகூஸ்டிக்கில் வராது ராசா. ஆசைப்பட்ட சத்தம் முதல் வாரத்திலேயே கொஞ்சமாவது காதில் விழுந்தால்தான் பிள்ளைகள் தொடர்ந்து வாசிக்கிறார்கள். கோயிலில் இத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் நான் பார்த்தது இது. பாடிக்கொண்டே வாசிக்க வேண்டும், நாலு பேர் சேர்ந்தால் சட்டென்று எடுக்க வேண்டும் என்று நீ கேட்டிருந்தால், யோசிக்காமல் அகூஸ்டிக் என்று சொல்லியிருப்பேன்.

எலக்ட்ரிக் சுலபம் என்று மட்டும் நினைத்துவிடாதே. அங்கே சிரமம் வேறு பக்கம். நீ தொடாத கம்பியும் சேர்ந்து முனகும், உள்ளங்கை ஓரத்தால் அதை அமர்த்தப் பழக வேண்டும். கம்பி மெல்லிசு என்பதால் அதிகமாக அழுத்தினால் சுருதி ஏறிவிடும். என்னை மாதிரி முரட்டுக் கை ஆட்களுக்கு அது பெரிய பாடம்.

உன் அப்பாவுக்கு எலக்ட்ரிக் என்றாலே இரைச்சல் என்று ஒரு எண்ணம். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கர்நாடக சங்கீதம் வாசித்தது எலக்ட்ரிக் மாண்டலினில்தான் என்று சொன்னேன். இரட்டைக் கம்பிகளை ஒற்றையாக்கி, மொத்தம் ஐந்தே கம்பி வைத்துக்கொண்டார். கம்பியை இழுத்துக் கமகம் காட்டவும், ஸ்வரம் நடுவில் செத்துப்போகாமல் நிற்கவும் அது வசதி. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாயங்காலம் அவருடைய பழைய கேசட் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

20,000 ஒதுக்கியிருப்பதாகச் சொன்னாய். முழுவதையும் கிட்டாருக்கே போட்டுவிடாதே. சின்ன ஆம்ப், கேபிள், உறை, சுருதி சேர்க்க ட்யூனர் எல்லாம் அதற்குள் வர வேண்டும். ட்யூனர் போனிலேயே கிடைக்கும், பரவாயில்லை. கடைக்கு ஒரு சின்ன ஸ்கேல் எடுத்துக்கொண்டு போ. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற உலோகப் பட்டைக்குப் பெயர் ஃப்ரெட். இரண்டு புள்ளி சேர்ந்தாற்போல் இருக்கிற இடம் 12ஆவது ஃப்ரெட். அங்கே ஃப்ரெட்டின் தலைக்கும் தடித்த கம்பிக்கும் இடைவெளி 2 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். கூட இருந்தால் இறக்கித் தரச் சொல், கூச்சப்படாதே. எல்லாக் கம்பியையும் எல்லா ஃப்ரெட்டிலும் ஒரு தடவை அழுத்தி மீட்டிப் பார், எங்காவது ஜிர் என்று அடிக்கிறதா என்று. வாங்கின பிறகு தினமும் வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பியைத் துடை.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்றாயே, 11 மணிக்கு மேல் போ. அதற்குள் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்துவிடுவேன். ஈ மைனர் கார்டுக்கு இரண்டு விரல் போதும், கடைக்காரரே காட்டித் தருவார். அதைப் பிடித்துக்கொண்டு எனக்குப் போன் போட்டு, போனைக் கிட்டார் பக்கத்தில் வை. ஒவ்வொரு கம்பியாக மெதுவாக மீட்டு, நான் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா