காதால் கேட்க ஒரு கற்காலக் குடும்பம்

திருச்சி

அன்புத் தோழி கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததும், வேளை தவறாமல் சொட்டு மருந்து விடும் பொறுப்பை உன் பேத்தியே ஏற்றுக்கொண்டிருப்பதும் மனத்துக்கு நிறைவாக இருக்கின்றன. இங்கே அனைவரும் நலம். அவருக்கு மூட்டுவலி விட்டு விட்டு வருகிறது. ஆனாலும் காலை நடையை நிறுத்தவில்லை. சின்னவள் கோவைக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து வீட்டில் பேச்சுச் சத்தம் குறைந்துவிட்டது.

சில வாரங்களுக்குப் புத்தகம் தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாரே, பொழுதை எப்படிப் போக்குவது என்று கேட்டிருந்தாய். நான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்றைப் பற்றியே எழுதுகிறேன். கண்ணை மூடிக்கொண்டும் அதை அனுபவிக்கலாம் என்பதால் உனக்கு இது பொருந்தும்.

சென்ற பொங்கலுக்கு வந்த மகன், கற்காலத்தில் வாழும் ஒரு குடும்பத்தின் கதையான ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் ஆறு சீசன்களும், மொத்தம் 166 பகுதிகளும் அடங்கிய ப்ளூ-ரே தொகுப்பை வைத்துவிட்டுப் போனான். தொடரின் அறுபதாம் ஆண்டையொட்டி 2020இல் வார்னர் நிறுவனம் வெளியிட்டது அது. தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்குக் கேபிள் வந்த புதிதில், பகல் முழுவதும் கார்ட்டூனும் இரவானால் ஆங்கிலப் படங்களும் ஓடிய அந்த அலைவரிசையில் பிள்ளைகள் இதைப் பார்த்துக் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். நாம் அடுப்படியில் நின்றபடி அரைகுறையாகக் கேட்டதோடு சரி. இப்போது முதல் பகுதியிலிருந்து வரிசை மாறாமல் பார்த்துவருகிறேன். இது குழந்தைகளுக்காக எடுக்கப்பட்ட தொடரே அல்ல என்பதும், கண்ணைவிடக் காதை நம்பி உருவாக்கப்பட்டது என்பதும் பார்க்கப் பார்க்கத் தெளிவாகின்றன.

1960 செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு ஏபிசி தொலைக்காட்சியில் இது தொடங்கியது. பெரியவர்கள் வேலை முடிந்து, சாப்பிட்டு, ஓய்வாக உட்காரும் அந்த நேரத்தில் அமெரிக்காவில் ஒளிபரப்பான முதல் கார்ட்டூன் தொடர் இதுதான். தொடக்க ஆண்டுகளில் விளம்பரதாரர்களில் ஒன்று சிகரெட் நிறுவனம். கதையின் நாயகன் ஃபிரெட்டும் அவன் நண்பன் பார்னியும் புகைப்பதாகவே விளம்பரம் வரைந்து காட்டினார்கள். யாருக்காக எடுத்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பேருந்து ஓட்டுநரும் சாக்கடைத் தொழிலாளியும் அண்டை வீட்டு நண்பர்களாக இருந்த, ஜாக்கி கிளீசனின் ‘ஹனிமூனர்ஸ்’ என்ற நாடகத் தொடரின் சாயலில்தான் இதை அமைத்திருக்கிறார்கள். ஃபிரெட் கல் குவாரியில் டைனோசர் மேல் உட்கார்ந்து கல் அள்ளுகிறவன். சங்கு ஊதுவதற்குப் பதில் ஒரு பறவையின் வாலைப் பிடித்து இழுத்ததும் வேலை முடிகிறது. வாயும் கோபமும் பெரியவை, ஆசைகள் அவற்றைவிடப் பெரியவை, சம்பளம் மட்டும் சிறியது. அடுத்த வீட்டுப் பார்னி உருவத்தில் குள்ளன், குணத்தில் பொறுமைசாலி. யானை துதிக்கையால் பாத்திரம் கழுவும் வேடிக்கையைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். நமக்கோ அந்த வீட்டின் மாதக் கடைசியும், கணவன் மனைவி வழக்கும் கண்ணில் படுகின்றன.

முதல் சீசனில் நீச்சல் குளம் பற்றி ஒரு பகுதி உண்டு. இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் குளம் வெட்டிவிட்டு, அதில் யார் பக்கம் எது என்று நண்பர்கள் இருவரும் சண்டை போடுகிறார்கள். இன்னொன்றில், கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பார்னி மனைவிக்கு நிச்சயதார்த்த மோதிரம் வாங்கி, அவள் கண்ணில் படாமல் இருக்க ஃபிரெட்டிடம் ஒளித்து வைக்கச் சொல்ல, ஃபிரெட்டின் மனைவி வில்மா அதைக் கண்டெடுத்துத் தனக்கென்று நினைத்துவிடுகிறாள். அவளது மகிழ்ச்சியைக் கெடுக்க ஃபிரெட்டால் முடியவில்லை. இன்னொரு மோதிரத்துக்குப் பணம் திரட்டப் பார்னியைக் குத்துச்சண்டை மேடையில் ஏற்றிவிடுகிறான். நம் பக்கத்துச் சபா நாடகங்களில் எத்தனை முறை பார்த்த சிக்கல் இது! ஆனால் வில்மா அந்த மோதிரத்தைப் பார்த்து மூச்சை உள்ளிழுக்கும் இடத்தை மட்டும் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அங்கே படத்தில் அவள் முகம் பெரிதாக மாறுவதில்லை. எல்லாவற்றையும் அந்த மூச்சு சொல்லிவிடுகிறது.

நீயும் நானும் வானொலி நாடகத்தில் நின்றவர்கள் என்பதால் இதை உன்னிடம்தான் விரிவாகச் சொல்ல முடியும். இத்தொடரைத் தயாரித்த வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் ‘டாம் அண்ட் ஜெர்ரி’ படங்களுக்காக எம்ஜிஎம் நிறுவனத்துக்கு ஏழு ஆஸ்கர் விருதுகள் வாங்கித் தந்தவர்கள். 1957இல் அந்த நிறுவனம் தன் கார்ட்டூன் பிரிவையே மூடிவிட்டது. தொலைக்காட்சிக்கு வந்தபோது பழைய படங்களைப் போல ஒவ்வோர் அசைவையும் வரைந்து முடிக்கப் பணமும் இல்லை, நாளும் இல்லை. ஆகவே உடல் அசையாமல் நிற்க, வாயையும் கையையும் மட்டும் தனித் தாள்களில் வரைந்து அசைத்தார்கள். ஃபிரெட்டின் கழுத்தில் எப்போதும் ஒரு டை தொங்குகிறதே, தலையை மட்டும் தனியாக அசைக்கும்போது கழுத்தின் ஒட்டு தெரியாமல் மறைக்க அது உதவியது. அவன் வீட்டுக்குள் ஓடும்போது அதே சன்னலும் அதே விளக்கும் பின்னால் கடந்துகொண்டே இருக்கும். இத்தகைய கார்ட்டூன்களைப் படம் ஒட்டிய வானொலி என்று, இன்னொரு கார்ட்டூன் இயக்குநரான சக் ஜோன்ஸ் குறைத்துச் சொன்னார். அவர் சொன்னது சரிதான் என்றாலும் அதை இழிவாக என்னால் எண்ண முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒலிச்சித்திரம் கேட்டே முழுத் திரைப்படத்தையும் மனத்துக்குள் ஓட்டிக்கொண்ட தலைமுறை நம்முடையது.

இத்தொடரின் இரு தம்பதிகளுக்கும் குரல் தந்த நால்வரும் வானொலியில் தேறியவர்கள். ஃபிரெட்டாகப் பேசிய ஆலன் ரீட், நகைச்சுவையாளர் ஃபிரெட் ஆலனின் வானொலி நிகழ்ச்சியில் புகழ்பெற்றவர். ஃபிரெட் மகிழ்ச்சியில் கூவும் அந்த ‘யாபா டாபா டூ’ அவர் போட்ட சேர்க்கை. எழுதித் தந்த தாளில் வெறும் ‘யாஹூ’தான் இருந்தது, வேறு மாதிரி சொல்லலாமா என்று அவர் பார்பெராவைக் கேட்டிருக்கிறார். வில்மாவாகப் பேசிய ஜீன் வாண்டர் பைலும், பார்னியின் மனைவி பெட்டியாகப் பேசிய பீ பெனடெரட்டும் வானொலிக் குடும்ப நாடகங்களில் ஆண்டுக்கணக்கில் பேசியவர்கள். அந்த இரு பெண்களும் கணவன்மார்களின் சூழ்ச்சி முழுவதையும் முன்பே அறிந்துகொண்டு, வாயை மூடியபடி ஒன்றாகச் சிரிக்கும் சிரிப்பைக் கேள். ஒருத்தியின் சிரிப்பு முடியும் இடத்தில் மற்றவளுடையது ஏறுகிறது. ஒரே மைக்கைச் சுற்றி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றால்தான் அப்படி வரும். 1961இல் இத்தொடர் எம்மி விருதின் நகைச்சுவைப் பிரிவில் போட்டியிட்டு ஜாக் பென்னியின் நிகழ்ச்சியிடம் தோற்றது. பென்னியும் வானொலியில் வளர்ந்தவரே. அவர் நிகழ்ச்சியில் பல குரல்களில் பேசிவந்தவர், பார்னியாகப் பேசிய மெல் பிளாங்க்.

பிளாங்க் பற்றிய செய்தியைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. 1961 ஜனவரி 24 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் அவரது கார் இன்னொரு காருடன் நேருக்கு நேர் மோதியது. பல நாள்கள் நினைவின்றிக் கிடந்து பிழைத்தார்; உடல் முழுவதும் மாவுக்கட்டு. சில பகுதிகளுக்கு டாஸ் பட்லர் பார்னியாகப் பேசி ஈடுகட்டினார். பிறகு ஒலிப்பதிவுக் கருவிகளைப் பிளாங்க்கின் படுக்கைக்கே கொண்டுசென்று, உடன் நடிப்பவர்கள் கட்டிலைச் சுற்றி நிற்க, அவர் மல்லாந்து படுத்தபடி பார்னியாகப் பேசியிருக்கிறார். மல்லாந்து படுத்து வசனம் பேசினால் வயிற்றிலிருந்து காற்று எழுவது எத்தனை கடினம் என்பதை நாம் அறிவோம். அந்த மாதங்களின் பகுதிகளைக் கூர்ந்து கேட்டேன். எந்த வரியிலும் வலி தெரியவில்லை. தொடக்கத்தில் மூக்கால் பேசிய பார்னியின் குரல் போகப் போகத் தாழ்ந்து கனிவதையும், அந்தக் குழைந்த சிரிப்பு படிப்படியாக உருவாவதையும் வரிசையாகப் பார்த்தால்தான் உணர முடிகிறது.

இன்னொரு பேறும் இத்தொகுப்பால் கிடைக்கிறது. நம் பிள்ளைகள் பாடித் திரிந்த அந்தத் தொடக்கப் பாட்டு மூன்றாம் சீசனில்தான் வந்தது. மறு ஒளிபரப்பின்போது முதல் இரு சீசன்களின் தொடக்கத்தையும் நீக்கிவிட்டு அதையே ஒட்டியிருந்தார்கள். இப்போது பழைய தொடக்கம் திரும்ப வந்திருக்கிறது: சொற்களே இல்லாத இசையோடு ஃபிரெட் ஊருக்குள் வண்டியோட்டி வீடு வந்து, தொலைக்காட்சியின் முன் உட்காருகிறான். வேலை முடிந்து வந்த ஒரு மனிதன் இன்னொரு மனிதனைப் பார்ப்பது போன்ற அந்தத் தொடக்கமே இது யாருடைய தொடர் என்று சொல்லிவிடுகிறது. அந்த இரு சீசன்களும் வண்ணத்தில் எடுக்கப்பட்டாலும் ஏபிசி அவற்றைக் கறுப்பு வெள்ளையில்தான் ஒளிபரப்பியது. 1960இல் பார்த்த குடும்பங்கள் காணாத செம்மண் நிறக் குவாரியை நான் காண்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 1963 பிப்ரவரியில் ஃபிரெட்டுக்கும் வில்மாவுக்கும் பெபிள்ஸ் என்ற பெண் குழந்தை பிறக்கிறது. முதலில் ஆண் குழந்தை என்றுதான் எண்ணியிருந்தார்கள். பொம்மையாக விற்பதற்குப் பெண்ணே ஏற்றது என்று மாற்றினார்களாம். அதன்பின் கதை மெல்ல மெல்லக் குழந்தைகள் பக்கம் சாய்கிறது. ஆனாலும் அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஒரு பகுதியை விட்டுவிடாதே. குழந்தையில்லாத பார்னியும் பெட்டியும் விழும் விண்மீனைப் பார்த்து வேண்டிக்கொள்ள, வாசலில் ஒரு குழந்தை கிடைக்கிறது. அதைத் தத்தெடுக்க நீதிமன்றம் வரை போகிறார்கள். பிள்ளையில்லாத ஏக்கத்தைப் பரிகசிக்காமல் ஒரு கார்ட்டூன் தொட்டிருக்கிறது என்பதே எனக்கு வியப்பு. அடுத்த சீசனில் பீ பெனடெரட் விலகி, பெட்டிக்கு வேறொருவர் குரல் தருகிறார். அவரிடம் குற்றமில்லை, ஆனால் அந்தச் சேர்ந்த சிரிப்பு போய்விட்டது. கடைசி சீசனில் வேற்றுக் கிரகத்திலிருந்து ஒரு பச்சை மனிதன் வந்து மந்திரத்தால் எல்லாம் செய்கிறான். மாதச் சம்பளத்துக்குள் அல்லாடிய ஒருவனின் கதைக்கு மந்திரம் எதற்கு? அந்த வட்டுகளை வேகமாகக் கடந்துவிட்டேன். 1966 ஏப்ரல் 1 அன்று தொடர் முடிவடைந்தது.

நீ தொடங்கும்போது முதல் சீசனில் பியானோ வாங்கும் பகுதியிலிருந்து தொடங்கு. திருமண நாளுக்கு வில்மாவுக்குப் பரிசளிக்க, திருட்டுப் பொருள் என்று தெரியாமல் ஃபிரெட் ஒரு பியானோ வாங்கி, நள்ளிரவில் ஓசையில்லாமல் வீட்டுக்குள் ஏற்றப் பார்க்கிறான். படத்தைப் பார்க்காமலே எந்த இடத்தில் இடிக்கிறது, யார் கால் நசுங்குகிறது என்பதெல்லாம் உனக்குத் தெரிந்துவிடும். பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். அவள் படத்தைப் பார்க்கட்டும்.

அடுத்த வாரம் தங்கை மகன் மதுரைக்கு வருகிறான். முதல் இரு சீசன்களின் வட்டுகளை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். இவை ப்ளூ-ரே என்பதால் சாதாரண டிவிடி கருவியில் ஓடமாட்டா. உன் வீட்டில் டிவிடி கருவிதான் இருக்கிறதென்றால், 2004 முதல் தனித்தனி சீசன்களாக வெளிவந்த டிவிடித் தொகுப்புகளும் உண்டு, மகனிடம் சொல்லித் தேடச் சொல்கிறேன். எது இருக்கிறதென்று பேத்தியிடம் கேட்டு இரண்டு வரி எழுதச் சொல்.

அன்புடன்,
விசாலாட்சி