ஆர்டர் நகைன்னா பழுதை கேக்கவே கூடாதா?

ஆசிரியருக்கு வணக்கம்,

ஆர்டர் கொடுத்து செஞ்ச நகைல பழுதுன்னு போய் நின்னா கடைல வர்ற பதில் பெரும்பாலும் ஒண்ணுதான், "இது உங்களுக்குன்னே தனியா செஞ்சதுங்க, ரிட்டர்ன் கிடையாது". இதைக் கேட்டதும் சரி நம்ம விதின்னு திரும்பி வந்துடறவங்கதான் அதிகம், அதுதான் எனக்கு பொறுக்கல. மனசு மாறி திருப்பறதும், பழுதுன்னு திருப்பறதும் ஒண்ணா? டிசைன் இப்போ பிடிக்கலன்னு போனா கடைக்காரர் முடியாதுன்னு சொல்றது நியாயம்தான், இன்னொருத்தர் பேரு பொறிச்ச மோதிரத்தை அவர் யாருக்கு விப்பார். ஆனா கல்லு கழண்டு விழுந்தா, சொன்ன காரட் இல்லன்னா அது வேற கதை.

சட்டமும் இதை பிரிச்சுதான் பாக்குது. ஐரோப்பிய யூனியன்ல ஆன்லைன்ல வாங்கினதை காரணமே சொல்லாம 14 நாள்ல திருப்பலாம்னு 2011ல விதி வந்துச்சு, தனியா சொல்லி செஞ்ச பொருளுக்கு மட்டும் அது பொருந்தாது, ஆனா பழுதுக்கான உரிமை அங்க அப்படியே இருக்கு. பிரிட்டன்ல 2015 சட்டப்படி பழுதான பொருளை 30 நாளுக்குள்ள வேண்டாம்னு கொடுத்து பணத்தை வாங்கலாம். இந்தியாவோட 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டம், பில்லுல போட்ட காலத்துக்குள்ள, எதுவும் போடலன்னா 30 நாளுக்குள்ள, பழுதான பொருளை திரும்ப எடுத்து பணம் தர மறுக்கறதை முறையற்ற வணிகம்னே சொல்லுது. அப்புறம் சுவத்துல "ரிட்டர்ன் இல்லை"ன்னு போர்டு மாட்டிட்டா போதுமா?

இதுல இன்னொரு தகராறு, எது பழுதுங்கறது. வெள்ளைத் தங்கத்து மேல பூசின ரோடியம்ங்கற வெள்ளை உலோகப் பூச்சு நாளாக ஆக தேயறது இயல்பு, அதை பழுதுன்னு சண்டை போட முடியாது, கடைக்காரர் முன்னாடியே சொல்லியிருக்கணும் அவ்வளவுதான். ஆனா கல்லைப் பிடிக்கற கொக்கி மெலிசா இருந்து நிமிர்ந்துடறது, பத்த வெச்சு ஒட்டின இடம் விடறது, 916ன்னு, அதாவது 22 காரட்னு எழுதிட்டு 750 தரத்துல, அதாவது 18 காரட்ல கொடுக்கறது இதெல்லாம் செஞ்சவங்க பொறுப்பு. "நீங்க கேட்ட டிசைன்தானேங்க"ன்னு சொல்றாங்க பாருங்க, அதை என்னால ஒத்துக்கவே முடியல, 22 காரட் மெத்துன்னு இருக்கும் இவ்வளவு மெலிசான கொக்கி நிக்காதுன்னு தெரிஞ்சவர் அவர்தானே, வாங்க வர்றவங்களுக்கு அது எப்படி தெரியும், தெரிஞ்சா அப்பவே சொல்ல வேண்டாமா.

வாங்கினவங்களுக்கு நான் சொல்றது, பழுது தெரிஞ்ச உடனே போட்டோ எடுங்க, வாய்ல சொல்லாம எழுத்துல புகார் கொடுங்க, அவசரப்பட்டு வேற ஆசாரிகிட்ட பத்த வெக்க கொடுத்துடாதீங்க, அப்புறம் அவர் கை பட்டதாலதான் கெட்டுச்சுன்னு இவங்க தப்பிச்சுடுவாங்க. ரிப்பேருக்கு விடும்போது எடையும் எத்தனை கல்லுங்கறதையும் ரசீதுல எழுதி வாங்குங்க. பணத்தைத் தராம வேற நகை எடுத்துக்கோங்கன்னு தள்ளினா, அதுவும் செய்கூலி சேதாரத்தைக் கழிச்சுட்டு, ஒத்துக்காதீங்க.

கடைக்காரங்ககிட்ட கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல, ஆர்டர் எடுக்கற சீட்டுலயே காரட், எடை, கல்லோட விவரம், பழுது வந்தா என்ன செய்வீங்க, எல்லாத்தையும் எழுதி கையெழுத்து போட்டு கொடுங்க.

இப்படிக்கு,
நகை வாங்கும் ஒரு வாசகி