வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள் என்பதும் தீர்க்கதரிசனமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்காசியாவில் போர் என்று செய்தி வரும்போதெல்லாம், 'தீர்க்கதரிசனம் நிறைவேறுகிறது, வருகை வாசலில் நிற்கிறது' என்னும் செய்திகள் தேதிக் கணக்கோடு மும்பைத் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வந்து குவிவதையும், வயதானவர்கள் அவற்றைப் படித்துக் கலங்குவதையும் சில காலமாகப் பார்த்து வருகிறேன். கிறிஸ்துவின் வருகையை நானும் நம்புகிறவன்தான். ஆனால் அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவரும் அறியார் என்று மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் அவரே சொல்லியிருந்தும், அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கணக்கை நம்பியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று காத்திருந்து ஏமாந்த பிறகும், தேதி குறிக்கும் பழக்கம் ஓயவில்லை. குறித்த நாள் பொய்த்தால் சொன்னவர் அடுத்த தேதிக்குப் போய்விடுகிறார்; நம்பியவருடைய விசுவாசம்தான் அடிபடுகிறது.

தீர்க்கதரிசனத்தில் ஆறுதல் எங்கே இருக்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள் வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்திலுள்ள 28, 29 ஆகிய இரு அதிகாரங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும். கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்கள் இரண்டே வருஷத்தில் திரும்பிவிடுவார்கள் என்று அனனியா என்பவன் எருசலேம் ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் அறிவித்தபோது, எரேமியா முதலில் சொன்னது, 'ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக' என்பதுதான். துக்கச் செய்தி சொல்ல அவருக்கு ஆசை ஒன்றும் இல்லை. ஆயினும் சிறையிருப்பில் இருந்தவர்களுக்கு அவர் எழுதி அனுப்பிய கடிதத்தில் இருந்தது இரண்டு வருஷம் அல்ல, எழுபது வருஷம். அதுவரை வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்றும் அதில் எழுதியிருந்தார். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் பாபிலோனிலேயே கண்மூடியிருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்று நம் வீட்டு நாட்காட்டிகளிலும், வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளிலும் இடம்பெறும் எரேமியா 29:11, இந்த எழுபது வருஷத்தைச் சொல்லும் வசனத்துக்கு அடுத்த வசனம். பத்தாம் வசனத்தையும் சேர்த்து அச்சடித்த அட்டை எதுவும் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை, விற்காது போலும்!

தாராவியில் எங்கள் தெருவிலுள்ள ஒரு வீட்டின் கதவு நிலையில், மறுசீரமைப்புத் திட்டக் கணக்கெடுப்புக்காக எழுதிய எண்ணுக்குச் சற்று மேலே அந்த 29:11 அட்டை ஒட்டப்பட்டிருக்கிறது. அங்கே குடியிருக்கும் அம்மாவின் மாமனார் தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருப்பதற்கான அத்தாட்சிகளைத் தேடி எடுத்து வைக்க வேண்டிய நேரத்தில் அந்த அம்மா என்னிடம், "அண்ணாச்சி, வருகைதான் பக்கத்துல வந்துட்டுல்லா, இனி இந்தக் காகிதமெல்லாம் என்னத்துக்கு?" என்று கேட்டார். அதே அதிகாரத்தில் வீடுகளைக் கட்டச் சொல்லும் ஐந்தாம் வசனத்தையும், பட்டணத்துக்காக விண்ணப்பம்பண்ணச் சொல்லும் ஏழாம் வசனத்தையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். சற்று யோசித்துவிட்டு, பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொல்லி மகனைக் கூப்பிட்டார். பழைய ரேஷன் கார்டும் மின் கட்டண ரசீதுகளும் அதில் இருந்தன.

எழுபது வருஷத்தைப் பற்றி எரேமியா எழுதியதைப் பாபிலோனில் இருந்து வாசித்த தானியேல், உபவாசித்து ஜெபிக்கத் தொடங்கினார் என்று அவருடைய புத்தகத்தின் 9ஆம் அதிகாரம் கூறுகிறது. கி.மு. 539இல் பாபிலோன் பெர்சிய மன்னன் கோரேசின் கைக்குப் போனது. திரும்பிச் செல்ல உத்தரவும் கிடைத்தது. வாக்கு நிறைவேறிய அந்தக் காலத்தை வேதாகமத்தின் எஸ்றா புத்தகம் மிகைப்படுத்தாமல் சொல்லியிருப்பது எனக்குப் பிடிக்கும்: எருசலேமில் மறுபடியும் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்ட அன்று, முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் மகா சத்தமாய் அழுதார்கள், மற்றவர்கள் ஆர்ப்பரித்தார்கள், எது அழுகை எது ஆர்ப்பரிப்பு என்று பிரித்தறிய முடியவில்லை. எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்ட எரேமியா அதைக் காணவில்லை. பிற்காலத்தில் அப்போஸ்தலனாகிய பவுலும், மரித்தவர்களை எண்ணித் துக்கித்த தெசலோனிக்கே சபையாருக்கு வருகையைப் பற்றி எழுதிவிட்டு, இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்றுதான் முடிக்கிறார்; பயமுறுத்துங்கள் என்று சொல்லவில்லை.

வரும் புத்தாண்டு இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டைகளைக் கொடுக்கும் போதகர்கள், 29:11 கிடைத்தவர்களை அதற்கு முந்தைய வசனங்களையும் வாசிக்கச் சொல்ல வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். தேதி போட்ட செய்தி வந்தால், அனுப்பியவர் தம் பிள்ளைக்கு அடுத்த ஆண்டுப் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிட்டாரா என்று மட்டும் வாசகர்கள் விசாரித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தாராவி, மும்பை