ராக் இசை குறித்து எழுதும் விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விமர்சகர்களுக்கு,

வணக்கம். மேற்கத்திய ராக் இசை குறித்து நீங்கள் தமிழில் எழுதும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவரும் வாசகன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். புகழ்பெற்ற குழு ஒன்றின் பாடலும், அதிகம் பேர் அறியாத போஸ்ட்-பங்க் (பங்க் ராக்கைத் தொடர்ந்து 1970-களின் இறுதியில் உருவான இசைவகை) குழு ஒன்றின் பாடலும் ஒத்திருப்பது தெரியவரும்போது நம் எழுத்தில் பெரும்பாலும் இரண்டே தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. பெரியவர்கள் திருடிவிட்டார்கள் என்பது ஒன்று. சிறியவர்கள் பெரியவர்களைப் பார்த்துச் செய்தார்கள் என்பது மற்றொன்று. ஒரு பாடல் இன்னொரு பாடலை ஒத்திருக்க வேறு வழிகளும் உண்டு என்பதையும், அவற்றுள் ஒன்றில் உங்கள் தொழிலுக்கே நேரடியான பங்கு இருந்திருக்கிறது என்பதையும் நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நியூயார்க் நகரின் டாக்கிங் ஹெட்ஸ் குழு 1980 அக்டோபரில் 'ரிமெய்ன் இன் லைட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. பஹாமாஸ் தீவுகளின் நஸாவ் நகரிலுள்ள காம்பஸ் பாயிண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் அவ்வாண்டு கோடையில் பதிவு தொடங்கியது. தயாரிப்பாளர் பிரையன் ஈனோ. எட்டுப் பாடல்கள் கொண்ட அந்த ஆல்பத்தின் முதல் பக்கம், நைஜீரிய இசைக்கலைஞர் ஃபெலா குட்டியிடமிருந்து கற்றுக்கொண்ட தாளப் பின்னல்களால் ஓயாமல் துள்ளிக்கொண்டிருக்கும். இரண்டாம் பக்கத்தில் அந்தத் துள்ளல் படிப்படியாக அடங்கி, இறுதியில் 'தி ஓவர்லோட்' என்ற ஆறு நிமிடப் பாடலில் வந்து முடியும். அதில் துள்ளல் அறவே இல்லை. கனத்த ரீங்காரம் ஒன்று தரையோடு தரையாக இழைய, வழக்கமாகப் பதற்றத்தோடு குரலை உயர்த்திப் பாடும் குழுவின் பாடகர் டேவிட் பைர்ன், இங்கே தாழ்ந்த குரலில், ஏறக்குறைய ஒரே சுரத்தில் சொற்களை உதிர்க்கிறார். அந்தக் குழுவின் பாடல்களில் இதைப்போல் இன்னொன்றை நான் கேட்டதில்லை.

இப்பாடல் மான்செஸ்டர் பகுதியைச் சேர்ந்த ஜாய் டிவிஷன் குழுவை ஒத்திருப்பதாக அன்றிலிருந்தே பேசப்படுகிறது. இன்று உலகமெங்கும் அறியப்பட்ட பெயராக இருந்தாலும், அந்நாளில் ஜாய் டிவிஷன் சிறிய குழுதான். 1979-இல் ஃபேக்டரி என்ற சிறு நிறுவனம் வெளியிட்ட அவர்களது முதல் ஆல்பமான 'அன்நோன் பிளெஷர்ஸ்' தொடக்கத்தில் 10,000 பிரதிகள் மட்டுமே அச்சிடப்பட்டது. அமெரிக்காவுக்கு அவர்கள் முதன்முறையாகப் புறப்படவிருந்த நாளுக்கு முந்தைய நாளில், 1980 மே 18 அன்று, பாடகர் இயன் கர்ட்டிஸ் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆகவே, நியூயார்க் மேடைகளில் அவர்களைக் கேட்கும் வாய்ப்பு யாருக்குமே கிட்டவில்லை.

டாக்கிங் ஹெட்ஸ் குறித்த பதிவுகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி என்னவென்றால், 'தி ஓவர்லோட்' உருவானபோது அக்குழுவினர் ஜாய் டிவிஷனின் இசையைக் கேட்டிருக்கவே இல்லை. பத்திரிகைகளில் ஜாய் டிவிஷனைப் பற்றி வந்த வர்ணனைகளைப் படித்துவிட்டு, இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிச் செய்து பார்த்தார்கள் என்பதே. அதாவது, ஒரு பாடலிலிருந்து இன்னொரு பாடலுக்குப் போன பாதை விமர்சகர்களின் சொற்கள் வழியாகச் சென்றிருக்கிறது. நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு பெயரடையும் எங்கோ ஓர் இசைக்கலைஞரின் கையில் கருவியாக மாறக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

அந்தச் சொற்கள் எதைக் கொண்டுசேர்த்தன, எதைத் தவறவிட்டன என்பதை அறிய, 'அன்நோன் பிளெஷர்ஸ்' ஆல்பத்தின் இறுதிப் பாடலான 'ஐ ரிமெம்பர் நத்திங்'கை 'தி ஓவர்லோட்'டுக்கு அருகில் வைத்துக் கேட்கலாம். இரண்டும் ஏறத்தாழ ஒரே நீளம். இரண்டும் ஆல்பத்தை முடித்துவைப்பவை. இரண்டிலும் மெதுவான நடை, தாழ்ந்த ஆண்குரல். இவ்வளவும் எழுத்தில் கடந்து வந்துவிட்டன. ஆனால் ஜாய் டிவிஷனின் பாடலில் வெறுமை ஒரு கட்டடத்தைப் போல எழுப்பப்பட்டிருக்கிறது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹன்னெட் ஒவ்வொரு டிரம் அடியையும் தனித்தனியாகப் பிரித்து அதைச் சுற்றி எதிரொலியை நிறுத்துகிறார். ஓசைகளுக்கு இடையே காற்று இருக்கிறது. இடையிடையே கண்ணாடி உடையும் ஒலி கேட்கிறது. 'தி ஓவர்லோட்'டில் அந்த இடைவெளி இல்லை. ஓசைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து மூட்டமாகிவிடுகின்றன. அக்குழுவின் பீட்டர் ஹுக், வழக்கமாகத் தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிட்டாரின் மேல் ஸ்தாயியில் மெட்டையே வாசிக்கும் பழக்கம் ஜாய் டிவிஷனின் முகவரி போன்றது. அதன் சாயல்கூட டாக்கிங் ஹெட்ஸ் பாடலில் இல்லை. இருட்டு என்ற செய்தி அட்லாண்டிக்கைக் கடந்துவிட்டது. பேஸ் கிட்டார் கடக்கவில்லை.

இதனால் 'தி ஓவர்லோட்' குறைபட்ட பாடல் என்று நான் சொல்லவரவில்லை. கேட்காத ஒன்றைக் கற்பனை செய்ததால்தான் அது போலியாகாமல் தப்பித்தது என்றே கருதுகிறேன்.

இன்னொரு கிளைவழியும் இங்கே உண்டு. ஜாய் டிவிஷன் தொடக்கத்தில் வார்சா என்ற பெயரில் இயங்கியது. ஆங்கிலப் பாடகர் டேவிட் போவியின் 1977-ஆம் ஆண்டு ஆல்பமான 'லோ'வில் உள்ள 'வர்ஷாவா' என்ற பாடலிலிருந்து எடுத்த பெயர் அது. அப்பாடலைப் போவியோடு சேர்ந்து எழுதியவர் பிரையன் ஈனோ. மூன்றாண்டுகள் கழித்து 'தி ஓவர்லோட்' பதிவானபோது தயாரிப்பாளர் இருக்கையில் இருந்தவரும் அதே ஈனோ. மெதுவான ரீங்காரமும் கனத்த குரலும் 'வர்ஷாவா'விலேயே இருக்கின்றன. அப்படியானால் யார் யாரிடமிருந்து பெற்றார்கள் என்ற கேள்விக்கு ஒருவழிப் பாதையில் விடை கிடைக்காது. இரு கிளைகளுக்கும் ஒரே வேர் இருந்ததைக் கவனிக்காமல் ஒரு கிளையின்மீது குற்றம் சாட்டுவது நியாயமாகாது.

நேரடியான எடுத்தாளல்கள் இல்லாமல் இல்லை. வயர் குழுவின் 1977-ஆம் ஆண்டுப் பாடலான 'த்ரீ கேர்ள் ரும்பா'வின் கிட்டார் ரிஃப்பும் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு), எலாஸ்டிகா குழுவின் 1994-ஆம் ஆண்டு 'கனெக்‌ஷன்' பாடலின் தொடக்கமும் ஒன்றே என்பதை எந்தக் காதும் சொல்லிவிடும். அந்த விவகாரம் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டது. அங்கே கடுமையாக எழுதுவது சரியே. ஆனால் நிர்வாணா குழுவின் 'கம் அஸ் யூ ஆர்' பாடலைக் கில்லிங் ஜோக் குழுவின் 1984-ஆம் ஆண்டு 'எய்ட்டீஸ்' பாடலோடு ஒப்பிடுபவர்கள், அதே சாயல் தி டாம்ண்ட் குழுவின் 1982-ஆம் ஆண்டு 'லைஃப் கோஸ் ஆன்' பாடலிலும் இருப்பதைப் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிறார்கள். நிர்வாணாவின் டிரம்ஸ் கலைஞர் டேவ் குரோல் 2003-இல் கில்லிங் ஜோக்கின் ஆல்பத்துக்கே வாசித்தார் என்பதும் இந்த ஒற்றுமையைப் பேசும் கட்டுரைகளில் இடம்பெற வேண்டிய செய்திதான்.

ராகச் சாயலைப் பிடித்துக் கேட்டுப் பழகிய நம் காதுகள் மெட்டின் ஒற்றுமையை நொடியில் கண்டுகொள்கின்றன. போஸ்ட்-பங்க் இசையிலோ ஒற்றுமை பெரும்பாலும் ஒலியின் நிறத்திலும், எதிரொலியின் அளவிலும், எந்தக் கருவி முன்னே நிற்கிறது என்பதிலும் இருக்கிறது. ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். இரு பாடல்களை ஒப்பிடும்போது இரண்டின் ஆண்டையும் எழுதுங்கள். பின்னவர் முன்னவரைக் கேட்டிருக்க வாய்ப்பு இருந்ததா என்று விசாரித்து எழுதுங்கள். எது ஒத்திருக்கிறது என்பதை ரிஃப், தாளம், குரல், ஒலிப்பதிவு என்று பிரித்துச் சொல்லுங்கள். இருவருக்கும் முன்னால் மூன்றாமவர் இருக்கிறாரா என்று தேடுங்கள். அறியப்படாத குழுவின் பாடலை நட்சத்திரத்தின் பாடலுக்குச் சான்றாவணமாக மட்டும் பயன்படுத்தாமல், அதற்கும் முழுமையாக ஒரு பத்தியையாவது ஒதுக்குங்கள். இருண்ட, இறுக்கமான என்று எழுதுமிடத்தில் பேஸ் கிட்டார் என்ன செய்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் வாசகன்