எழுதியதை அழிக்காதீர்கள்: சேவை இணையதள நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கும் வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். தங்கள் இணையதளம் அண்மையில் புதிய தோற்றத்துக்கு மாறியதும், அதன்பின் விண்ணப்பப் படிவம் குறித்துப் பயனர்கள் தொடர்ந்து முறையிட்டு வருவதும் தாங்கள் அறிந்தவையே. எல்லாக் குறைகளையும் மீண்டும் அடுக்காமல், பாதியில் அழிந்துபோகும் அந்தப் படிவத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

என் அம்மாவுக்குப் பார்வை மங்கல். திரையில் எழுத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கேள்வியாகப் படித்து, கையிலுள்ள சான்றிதழோடு எண்களை ஒப்பிட்டு, ஒரு விரலால் தட்டச்சு செய்வார். பிறர் தயவின்றித் தாமே விண்ணப்பிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். கடைசிப் பக்கம் வரை நிரப்பிச் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தியபோது, ‘அமர்வு காலாவதியாகிவிட்டது’ என்ற ஒற்றை வரியைக் காட்டி, தளம் அவரை முகப்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. அமர்வுக்கு, அதாவது ஒருமுறை உள்நுழைந்து தளத்தைப் பயன்படுத்தும் நேரத்துக்கு, கெடு இருப்பதாக அதுவரை எந்தப் பக்கமும் சொல்லவில்லை. மீண்டும் உள்நுழைந்து பார்த்தால் எல்லாப் பெட்டிகளும் காலியாக இருந்தன. “நான் எதைத் தப்பாக அழுத்தினேன்?” என்று அவர் என்னிடம் கேட்டார். அவர் எதையும் தப்பாக அழுத்தவில்லை. வடிவமைப்பின் பிழைக்கு ஒரு முதியவர் தம்மையே நொந்துகொள்ள நேர்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இதற்குத் தீர்வை எவரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இணையத்துக்கான தரவிதிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான டபிள்யூ3சி (W3C) 2008இல் வெளியிட்ட வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு, நேர வரம்பைப் பயனர் நீக்கவோ மாற்றவோ முடிய வேண்டும், இல்லையேல் வரம்பு முடியும் முன் எச்சரித்து, எளிய ஒரு செயலால் அதை நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி அவகாசம் தர வேண்டும் என்கிறது. அப்படிக் குறைந்தது பத்து முறை நீட்டிக்க இடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும், சாதாரண விண்ணப்பப் படிவம் அவற்றில் சேராது. இந்த விதி அவ்வழிகாட்டியின் மூன்று நிலைகளில் மிக அடிப்படையான நிலையிலேயே இருக்கிறது. அமர்வு முடிந்தபின் மீண்டும் உள்நுழைபவர், எழுதியது எதையும் இழக்காமல் தொடர முடிய வேண்டும் என்பதையும் அதே ஆவணம் உயர்நிலை விதியாக வைத்திருக்கிறது.

பாதுகாப்புக்காகவே அமர்வை முடிக்கிறோம் என்று தாங்கள் விளக்கம் தரலாம். பலர் பயன்படுத்தும் கணினியில் ஒருவருடைய கணக்கு திறந்தே கிடக்கக் கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் கணக்கைப் பூட்டுவது வேறு, எழுதியதை அழிப்பது வேறு. ஒவ்வொரு பக்கத்தையும் நிரப்பியவுடன் அதை அவருடைய கணக்கின் கீழ் வரைவாகச் சேமித்துவிட்டால், பூட்டும் இருக்கும், உழைப்பும் வீணாகாது. எனவே மீண்டும் கேட்கிறேன்: எழுதியதை அழிக்காதீர்கள்.

முகப்பில் நகரும் படங்களுக்குச் செலவான அக்கறையில் ஒரு பங்காவது படிவத்துக்குக் கிடைத்திருக்கலாம். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்பதும் அதே வழிகாட்டியில் உள்ளதுதான். பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் கேள்வி, முதல் எழுத்தைத் தட்டியதுமே மறைந்துவிடுகிறது. எதற்குப் பதில் எழுதுகிறோம் என்று பார்க்க, எழுதியதை நீக்க வேண்டியிருக்கிறது. பிழை இருந்தால் எந்தப் பெட்டியில் என்று சொல்வதில்லை. இவற்றையெல்லாம் பார்க்கும்போது, வெளியிடும் முன் மெதுவாகத் தட்டச்சு செய்யும் ஒருவரையாவது அமர்த்திச் சோதித்தீர்களா என்ற கேள்வி எழுகிறது. சோதித்திருந்தால் முதல் நாளே இது தெரிந்திருக்கும்.

கடுமையாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருளுங்கள். வேறு வழியில் இந்தச் சேவையைப் பெற முடியாத நிலையில் மக்கள் இருப்பதாலேயே இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நேரம் முடியும் முன் எச்சரிக்கையும், தானாகச் சேமிக்கும் வசதியும் ஏற்படுத்தித் தாருங்கள். அவை வரும் வரையிலாவது, எவ்வளவு நேரத்துக்குள் முடிக்க வேண்டும், எந்தெந்த ஆவணங்களை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே தெளிவான பெரிய எழுத்தில் அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் இணையதளத்தின் பயனர் ஒருவர்