போட்டோகிராபர் சங்கம், கடலூர்: 2024-25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அண்ணன், பொருளாளர், மூத்தவங்க, இந்த வருஷம் புதுசா சேர்ந்த தம்பிங்க எல்லாருக்கும் வணக்கம். மாசாமாசம் கூட்டம் ஒழுங்கா நடந்துச்சு, சந்தா பாக்கி லிஸ்ட் பொருளாளர் கையில இருக்கு, லைட்டிங் கிளாஸுக்கும் நல்ல கூட்டம். அத இதோட விட்டுர்றேன், ஏன்னா இந்த வருஷம் நாம அதிகமா பேசினது, சண்டை போட்டதுன்னே சொல்லலாம், வேற ஒரு விஷயத்துக்கு: கஷ்டத்துல இருக்கவங்கள படம் எடுக்கலாமா, எடுத்தா எப்படி எடுக்கணும்.

டிசம்பர் ஆரம்பத்துல, பெஞ்சல் புயலுக்கு அப்புறம் சாத்தனூர் அணைய திறந்து தென்பெண்ணை ஊருக்குள்ள புகுந்தப்போ நம்மாளுங்க பாதி பேர் கேமராவோட தண்ணியிலதான் நின்னோம். அப்ப நான் எடுத்த ஒரு படம், முழங்கால் தண்ணியில ஒரு ஆயா சாப்பாட்டு பொட்டலத்துக்கு கை நீட்டுறது, வாட்ஸப்புல எங்கெங்கயோ சுத்திருச்சு. மூணாம் நாள் பேரன் போன் பண்ணாப்ல. "ஊருக்கே சோறு போட்ட கை சார் அது, பிச்சை கேக்குற மாதிரி ஆக்கிட்டீங்களே." நேர்ல போனேன். ஆயா திட்டல. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாராப்ப சரி பண்ணிக்கிட்டிருப்பேன்லப்பா"ன்னு மட்டும் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து படத்த பெருசாக்கி பாத்தா ஆமா, ஈரப்புடவை தோள்லருந்து நழுவியிருக்கு. எடுக்கும்போது நான் வெளிச்சத்தத்தான் பாத்திருக்கேன்.

சுனாமி 20ஆம் வருஷ கூட்டத்துல இத சொன்னேன், அங்கதான் விவாதம் சூடாச்சு. அர்கோ தத்தா ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துக்காக நம்ம கடலூர்ல எடுத்த படம் எல்லாருக்கும் தெரியும், மணல்ல விழுந்து ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சு அழற பொம்பளை, ஓரத்துல இறந்தவங்களோட கை மட்டும், முகமே கிடையாது. 2004க்கான வேர்ல்ட் பிரஸ் போட்டோ விருது அதுக்குத்தான். அதே மனுஷன் 2002 குஜராத் கலவரத்துல எடுத்தது குதுபுதீன் அன்சாரி படம், அகமதாபாத் தையல்காரர், கண்ணீரோட கைகூப்பி காப்பாத்துங்கன்னு கேக்குறது. அந்த படம் இல்லன்னா அங்க நடந்தது வெளிய இவ்வளவு ஆழமா போய் சேர்ந்திருக்காது, அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா அந்த முகத்த வச்சுக்கிட்டு அவரால நிம்மதியா வேலை பாக்க முடியல, கொல்கத்தா வரைக்கும் போய் திரும்பி வந்தாரு, கட்சிக்காரங்க வேற தேர்தலுக்கு அவர் முகத்த எடுத்துக்கிட்டாங்க. எடுத்தவர் பத்து வருஷம் கழிச்சு அவர போய் பாத்தாரு. நாம எத்தன பேர் அப்படி போயிருக்கோம்?

"அப்ப எடுக்கவே கூடாதா?"ன்னு ஒரு தம்பி கோவமா கேட்டாப்ல. பதில் சொன்னது நம்ம மூத்த உறுப்பினர் ஒருத்தர். சுனாமி அன்னிக்கு புதைக்கறதுக்கு முன்னாடி கிடத்தியிருந்த புள்ளைங்கள அவர் எடுத்தாரு, ஒரு அம்மா மண்ண வாரி தூத்துனாங்க. நாலு மாசம் கழிச்சு அதே அம்மா ஸ்டூடியோவுக்கு வந்து, வீடு, ஆல்பம் எல்லாம் கடலோட போயிருச்சு, அன்னிக்கு எம்புள்ளைய எடுத்தீங்களே, அத குடுங்கண்ணேன்னு நின்னாங்க. பிலிம் ரோல அப்பவே குடுத்து அனுப்பிட்டாரு, நெகட்டிவ் திரும்பி வரல, எங்கெங்கயோ கேட்டும் கிடைக்கல. இத சொல்லிட்டு அவர் உக்காந்துட்டாரு, கொஞ்ச நேரம் யாரும் பேசல.

அன்னிக்கே முடிவு பண்ணோம். எடுக்கறத நிறுத்தப் போறதில்ல, ஆனா எடுத்த கையோட அவங்க பேர் கேட்டு, எங்க போகப்போகுதுன்னு சொல்லணும், ஒரிஜினல பத்திரமா வச்சு கேட்டா காபி குடுக்கணும். ஆபத்துல இருக்கவங்க கைக்கு எட்டுற தூரத்துல இருந்தா கேமரா கீழ, கை முன்னால. பாதிக்கப்பட்ட குழந்தைங்க முகத்த குரூப்புல கூட போடக்கூடாது, சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்னு இருக்கு, சட்டம் இல்லன்னாலும் அது நம்ம புள்ளதான்.

பொங்கலுக்கு முன்னாடி அந்த ஆயாவ மறுபடி போய் எடுத்தோம், பச்சை புடவையில, அவங்க வாசல்ல, அவங்க சொன்ன மாதிரி உக்கார வச்சு. பிரேம் போட்ட செலவு 650 ரூபா கணக்குல இருக்கு, பொதுக்குழு ஒப்புதல் குடுக்கணும்னு கேட்டுக்கிறேன்.