மூன்று மேயர்கள்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்ததில் சந்தோஷம். போட்டோவில் எங்கள் வாசல் காலிங்பெல் பலகையைப் பார்த்துவிட்டு, "ஒரே கட்டடத்தில் மூன்று மேயரா?" என்று கேட்டிருக்கிறாயே, சிரித்து மாளவில்லை.

அதில் ஒருவர் பஸ் ஓட்டுகிறாரடா. இங்கே ஜெர்மனியில் அதை 'மையர்' என்பார்கள், குடும்பப் பெயர். ஆனாலும் நீ ரொம்பத் தள்ளிப் போகவில்லை. நம் மாநகராட்சி மேயரும் இந்த மையரும் 'மாயோர்' என்ற ஒரே லத்தீன் வேரில் வந்தவர்கள்தான். இடைக்காலத்தில் பிரபுவின் நிலபுலன்களைப் பார்த்துக்கொண்டு, குடியானவர்களிடம் விளைச்சலில் பங்கு வசூலித்தவர் மையர். கிட்டத்தட்ட நம் மணியக்காரர். பிற்பாடு பெரிய பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தவருக்கும் அதே பெயர். ஊருக்கு ஊர் அப்படி ஒருவர் இருந்தால் நாடு முழுக்க மையர் நிறையாமல் என்ன செய்யும்?

நான் இருக்கும் வெஸ்ட்ஃபாலியா பகுதியில் இன்னொரு கூத்து. அந்தக் காலத்தில் இங்கே பெயர் ஆளுக்கு இல்லை, பண்ணைக்கு. பண்ணைக்குப் பெண் வாரிசு என்றால், அவளைக் கட்டிக்கொண்டு வருகிறவன் அப்பன் பெயரை விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரை ஏற்றுக்கொள்வான். பழைய தேவாலயப் பதிவேடுகளில் 'இன்னார், மையர் எனப்படுபவர்' என்றே எழுதியிருக்கும். கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்கே வேறு வேறு குடும்பப் பெயர்! வம்சாவளி தேடுகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போன நம் ராசுவிடம் இதைச் சொல்லிவிடாதே.

காதுக்கு ஒரே மையர், எழுத்தில் நாலைந்து விதம். 1974 கால்பந்து உலகக் கோப்பை கோல்கீப்பர் செப் மையர் ஒரு மாதிரி எழுதுவார், தனிமங்களை அட்டவணைப்படுத்திய லோதர் மையர் வேறு மாதிரி. முன்பெல்லாம் பாதிரியார்தான் பெயரைக் காதில் விழுந்தபடி பதிவேட்டில் எழுதுவார். 1876இல் நாடு முழுக்க அரசுப் பதிவு வந்ததும் அவரவருக்கு வாய்த்த எழுத்து அப்படியே உறைந்துவிட்டது.

யூத மையர்கள் கதை தனி. 'மெயிர்' என்ற எபிரேயப் பெயர், ஒளி தருபவன் என்று பொருள், பலரிடம் இந்தப் பெயரோடு கலந்துவிட்டது. இஸ்ரேல் பிரதமராக இருந்த கோல்டா மெயிர் அதற்கு முன்பு மேயர்சன்தான். 1956இல் வெளியுறவு அமைச்சரானபோதுதான் எபிரேய வடிவத்துக்கு மாறினார்.

உன் மகன் மேல்படிப்புக்கு இங்கே வருவதாக எழுதியிருக்கிறாய். அவன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடு. இன்ஷியல் என்றால் என்ன என்று இங்கே கவுண்டருக்குக் கவுண்டர் நின்று விளக்கி எனக்கு அலுத்துவிட்டது.

அன்புடன்,
முருகேசன்